சுங்குடியும் சாம்ப்ளர் கட்டமும்

திருவாதவூர் வீட்டில் அம்மாவின் பழைய சுங்குடியை வெட்டி சாம்ப்ளர் குயில்ட் தைக்க ஆரம்பிச்சேன். சாம்ப்ளர்னா கட்டத்துக்குக் கட்டம் வேற மாதிரி. ஒன்பது சதுரம் சுலபமா வந்தது. நட்சத்திரத்தில்தான் சிக்கல்: முக்கோணத்தின் சாய்வெட்டு ஓரம் நைஞ்ச பருத்தியில் இழுபட்டுக்கிட்டே போகுது, முனை சேரலை. அதைவிட, கையால் முடிச்சுப் போட்ட புள்ளிகள் பாதிப்பாதியா தையலுக்குள்ள போயிடுச்சு. மாதிரி சரி, துணி போச்சு.

வட கன்னடத்துச் சித்திப் பெண்களின் (நம்ம சித்தி இல்லைங்க, ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள்) கவந்தி நேரெதிர். பழந்துணித் துண்டுகளை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஓட்டுத்தையலில் தைச்சுக்கிட்டே வருவார்கள். இருக்கிற துண்டின் அளவுதான் வடிவம்.

சாம்ப்ளர் நல்ல பயிற்சி நோட்டு. அதுக்குக் கடைத்துணி போதும். மிச்சமிருக்கிற முந்தானையை வெட்டாமல் எடுத்து வச்சுட்டேன்.