மென்டர் யார்?

அண்மையில் எங்கள் தோட்ட ஆபீசில் புதிதாக வேலைக்கு அமர்ந்த இளைஞர் ஒருவரை என்னிடம் ஒப்புவித்து, "இவருக்கு நீரே மென்டர்" என்றார் மேலாளர். வழிகாட்டும் மூத்தோன் என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். ஒடிசியஸ் மன்னனின் நண்பனாய், அவன் மகனுக்கு அறிவு புகட்டிய கிரேக்கனின் பெயர் அது எனப் பள்ளியில் பயின்றிருந்தேன். ஹோமரின் ஒடிஸியை முழுதும் படித்த பின்னரோ, அது பாதி உண்மையே எனத் தெளிந்தேன்.

டிராய்ப் போருக்குச் சென்ற ஒடிசியஸ், தன் இல்லத்தை மென்டரின் பொறுப்பில் விட்டுச் சென்றான். அவன் மனைவி பெனிலொப்பியை மணக்க வந்த 108 பேர், அவ்வில்லத்திலேயே தங்கி உண்டு குடித்து, அவன் செல்வத்தை அழித்தனர். மென்டர் செய்ததென்ன? ஊர்ச்சபையில் எழுந்து, பலராயிருந்தும் சிலருக்கு அஞ்சி வாய்மூடியிருக்கும் மக்களைக் கடிந்தான். எதிரி ஒருவன் அதட்டினான், சபை கலைந்தது. நேர்மையாளன்தான், ஆயினும் அவனால் ஆனது ஒன்றுமில்லை.

நிற்க. மகன் டெலிமாக்கஸுக்கு உண்மையில் துணைநின்றவள் ஏதீனா என்னும் பெண் தெய்வம். மென்டரின் உருவும் குரலும் பூண்டு அவனைக் கப்பலேற்றியவள் அவளே. முதியவர் நெஸ்டரிடம் பேச நாணிய அவனுக்குத் துணிவூட்டியவளும் அவளே. காவிய முடிவில் பகைத்தோரைச் சமாதானம் செய்வித்தவளும் அவளே. ஹோமர் இதனை மறைக்கவில்லை. வந்தவள் ஏதீனா எனச் சொல்லியே பாடுகிறார். மறந்தவர்கள் பின்வந்தோரே.

மறதிக்கு வழிகோலியது ஒரு பிரெஞ்சு நூல். 14-ஆம் லூயி மன்னனின் பேரனுக்கு ஆசிரியராயிருந்த பெனலோன் என்பார், அம்மாணவனுக்காக எழுதிய டெலிமாக்கஸ் கதை 1699-இல் வெளிவந்தது. அதில் மென்டர் பக்கந்தோறும் பேசுகிறான்; போர்வெறியையும் ஆடம்பரத்தையும் முகத்துதியையும் கண்டிக்கிறான். மன்னன் சினந்தான், ஐரோப்பா விரும்பிப் படித்தது. 1750-இல் செஸ்டர்பீல்டு பிரபு தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அப்பெயர் பொதுச்சொல்லாகவே வருகிறது. ஆதலின் இச்சொல்லுக்குப் பெயர் தந்தவர் ஹோமர். இன்றைய பொருளைத் தந்தவர் பெனலோன்.

நூல்நயம் நோக்கின் ஹோமரே மேலானவர். பெனலோனின் மென்டர் ஓயாது உபதேசிக்கிறான். தீவொன்றை விட்டகல மனமில்லாத டெலிமாக்கஸைப் பாறைமேலிருந்து கடலிலே தள்ளியும் விடுகிறான்! ஏதீனாவோ சில சொற்களே சொல்லி, இளைஞனை முன்னே நிறுத்தி, அவன் வாயாலேயே பேசச் செய்கிறாள். பெனலோனும் கதையிறுதியில் மென்டரைப் பெண் தெய்வமாகவே வெளிப்படுத்துகிறார். எனினும் சொல்லில் நிலைத்தது ஆணின் பெயர், அறிவோ பெண்ணினுடையது. இவ்வுண்மையை அகராதிகள் ஒரு வரியிலேனும் குறித்தல் நியாயமாகும்.

மறுநாள் அவ்விளைஞர் செக்ரோலுடன் என்முன் வந்தார். ஏதீனாவின் முறையையே கைக்கொண்டேன். இரண்டு வார்த்தை சொல்லிப் பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.