ஒரு செப்பேடு, எத்தனை கட்டுரை?

ஒரே ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு நாலு பத்திரிகைக்கு நாலு கட்டுரை எழுதுகிறவரை 'அரைத்த மாவையே அரைக்கிறார்' என்று சொல்லிவிடுவார்கள். சில சமயம் அது உண்மைதான். எப்போது உண்மை, எப்போது அவதூறு என்பதைப் பாகூர்ச் செப்பேட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

1879இல் புதுச்சேரியை அடுத்த பாகூரில் கிடைத்த செப்பேடு அது. ஐந்து ஏடுகள், வடமொழிப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், வாகூர் (இன்றைய பாகூர்) வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்த ஆவணம். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்துவிட்டதால் நூலகத்தில் உட்கார்ந்தே படிக்கலாம். ஒருமுறை ஒழுங்காகக் குறிப்பெடுத்தவருக்கு இதில் எத்தனை கட்டுரை இருக்கிறது?

கல்வி இதழுக்கு ஒன்று என்று யாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது நிலத்தின் கதை. நிலைதாங்கி என்ற தலைவன் விண்ணப்பம் செய்கிறான், அரசன் இசைகிறான், அரசாணையான திருமுகம் நாட்டாருக்கு, அதாவது நாட்டுச் சபையினருக்கு, வருகிறது. அவர்கள் அதை வணங்கிப் பெற்று, எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, எல்லையை உறுதிசெய்யும் அறையோலை எழுதித் தருகிறார்கள். இன்றைக்கும் சர்வேயர் வந்து கல் நட்டால்தான் பங்காளிச் சண்டை ஓய்கிறது. பாகூர் வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு இது பழங்கதையாகவே தோன்றாது. வேளாண் இதழ் ஒன்று இதை விரும்பிப் போடும். சிறுவர் இதழுக்கோ ஏட்டைப் பொறித்த காஞ்சிபுரத்துத் தட்டாரே போதும்: அவருக்கும் அரசனுக்கும் ஒரே பெயர், நிருபதுங்கன்! கல்விக் கட்டுரையில் இவருக்கு அரை வரிகூடக் கிடைத்திருக்காது.

ஆக, மூலம் ஒன்றானாலும் கேள்வி மாறும்போது கட்டுரையும் மாறுகிறது. இதை அரைத்த மாவு என்று தள்ளுவது நியாயமில்லை.

ஆனால் இந்த வழக்கத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இரண்டாவது கட்டுரையை எழுதும்போது மூலத்தைத் திறப்பதில்லை. நம் முதல் கட்டுரையைத்தான் திறக்கிறோம். ஓர் உதாரணம்: புதுச்சேரியிலிருந்து வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் திருபுவனை. அங்குள்ள 1048ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டு 260 மாணவர், 12 ஆசிரியர், ஆண்டுக்கு 12,000 கலம் நெல் என்று கணக்காகப் பேசுகிறது. பாகூர்ச் செப்பேட்டில் மாணவர் தொகையே கிடையாது. இரண்டு குறிப்பும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து இருந்தால், மூன்றாவது கட்டுரையில் அந்த 260 பேரும் பாகூருக்குக் குடிவந்துவிடுவார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி ஒரு வரியில் காணாமல் போகும். செய்தியை ஒருவர் ஐந்து இடத்தில் எழுதினால் பிழையும் ஐந்து இடத்தில் ஊன்றிவிடும். பிறகு வருகிறவர் அவற்றை ஐந்து சான்றாக எடுத்துக்கொள்வார்.

ஒரே செய்தியைப் பல இடத்தில் நன்றாக எழுதியவருக்கு உதாரணம் வேண்டுமானால், தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். ஓலைச்சுவடி தேடிய அனுபவம் முதலில் பதிப்பு முகவுரைகளில் வந்தது. பிறகு பத்திரிகைக் கட்டுரைகளாயிற்று. கடைசியில் 'என் சரித்திர'மாக ஆனந்த விகடனில் தொடர்ந்தது. ஒரே உழைப்புதான். முகவுரை புலவருக்கு, அதில் பாடபேதம் முன்னால் நிற்கும். விகடன் வாசகருக்கோ சுவடி வைத்திருந்த வீட்டின் மனிதர்கள் முன்னால் வருவார்கள். படிப்பவர் யார் என்று தெரிந்து எழுதியதால் அலுப்புத் தட்டவில்லை.

கடன் கணக்கும் ஒன்று உண்டு. புதுச்சேரிக் கல்வெட்டுகளைப் பாகூர் குப்புசாமி திரட்டி, விஜயவேணுகோபால் பதிப்பித்து, 2006இல் முதல் பகுதி நூலாக வந்தது. அதிலிருந்து பத்துக் கட்டுரை எழுதலாம், தப்பில்லை. ஆனால் பத்திலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். முதல் கட்டுரையில் சொல்லியாயிற்று என்பது சாக்கு. சிறுவர் இதழ் படிக்கும் பிள்ளை நம் கல்விக் கட்டுரையைப் படித்திருக்கப் போவதில்லை.

'பத்தியை மாற்றிப் போட்டாலே புதுக் கட்டுரைதானே' என்பாரும் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. தலைப்பையும் முதல் பத்தியையும் மாற்றி இரண்டு ஆசிரியரிடம் இரண்டு சன்மானம் வாங்குவது ஏமாற்றுதான். முன்பு எங்கே, எதை எழுதினோம் என்று ஆசிரியரிடம் சொல்லக் கூசுகிற கட்டுரையை அனுப்பவே கூடாது.

என் தீர்ப்பு இதுதான்: கேள்வி புதிதாக இருந்து, ஒவ்வொரு முறையும் மூலத்தைத் திறந்து பார்த்து எழுதினால் ஒரு செப்பேட்டில் ஐந்து கட்டுரை தாராளமாக எழுதலாம். பழைய கட்டுரையைப் பார்த்து எழுதினால் இரண்டாவதே அதிகம்.