நடுகல் படங்களின் உரிமையும் திருத்தமும்: தருமபுரி மாவட்ட நடுகல் ஆய்வுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்ட நடுகற்கள் பற்றிய ஆய்வுகளில் படம் முதன்மைச் சான்றாக அமைகிறது. எனினும், பிறர் எடுத்த படங்களை எடுத்தாள்வதிலும் அவற்றைக் கணினியில் திருத்துவதிலும் சீரான நெறி பின்பற்றப்படுவதில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957 இப்படங்களுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்குச் சட்டம் போதிய இடம் தருகிறது என்பதும், திருத்தத்தை அறிவிக்கும் கடமை சட்டத்தைவிடக் கல்வெட்டுப் பதிப்பு மரபிலிருந்தே வலுவாகப் பெறப்படுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடுகல், பதிப்புரிமை, மைப்படி, ஒளிப்படம், படத்திருத்தம், நியாயமான பயன்பாடு, தருமபுரி.

1. முன்னுரை

தமிழகத்தில் நடுகற்கள் செறிந்து காணப்படும் பகுதிகளுள் தருமபுரி மாவட்டம் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும், 1975இல் ‘தருமபுரிக் கல்வெட்டுகள்’ நூலையும் வெளியிட்டது. அவற்றைத் தொடர்ந்து வந்த ஆய்வேடுகள், கட்டுரைகள், கருத்தரங்க மலர்கள் ஆகியவற்றில் நடுகல் படங்கள் மிகுதியாக இடம்பெற்று வருகின்றன. இப்படங்கள் பலவற்றின்கீழ் ஊர்ப்பெயர் மட்டுமே உள்ளது. எடுத்தவர் யார், எப்போது எடுத்தார், படத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது ஆகிய விவரங்களைக் காண்பது அரிது. ‘இணையம்’ என்ற ஒரு சொல்லே மூலமாகக் குறிக்கப்படுவதும் உண்டு. இந்நடைமுறை உரிமைச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சான்றின் நம்பகத்தன்மையையும் அது பாதிக்கிறது.

2. கல்லும் படமும்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகல்லில் பதிப்புரிமை எவருக்கும் இல்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் கல்லாயினும், வயல்வரப்பில் நிற்கும் கல்லாயினும் இந்நிலை மாறாது. கல்லைப் பாதுகாக்கும் சட்டங்கள் வேறு. படைப்பைக் காக்கும் சட்டம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. கல் பொதுச்சொத்து ஆதலின் அதன் படமும் பொதுச்சொத்து எனச் சிலர் கொள்கின்றனர். கல் அரசின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் எல்லாப் படங்களும் அரசுக்கே உரியன என வேறு சிலர் கொள்கின்றனர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா. சட்டத்தின் 2ஆம் பிரிவு ஒளிப்படத்தைக் கலைப்படைப்பாக வகைப்படுத்துகிறது. கலைத்தரம் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் அது விதிக்கவில்லை. படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோர். பணியின்பொருட்டோ ஊதியம் பெற்றோ எடுக்கப்பட்ட படங்களுக்கு முதல் உரிமையாளர் யார் என்பதை 17ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. உரிமை பெறப் பதிவு செய்தல் கட்டாயமன்று. ஆகவே, ஓர் ஆசிரியரோ மாணவரோ தம் கைப்பேசியில் எடுத்த நடுகல் படத்துக்கும் உரிமை உண்டு.

3. மூவகைப் படங்கள்

நடுகல் ஆய்வில் மைப்படி, ஒளிப்படம், கோட்டோவியம் என மூவகைப் படங்கள் பயன்படுகின்றன. மூன்றும் ஒரே கல்லைக் காட்டினும் உரிமை நிலையில் வேறுபடுகின்றன. ஈஸ்டர்ன் புக் கம்பெனி – டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு, உழைப்பு மட்டுமே ஒரு படைப்பைத் தற்புதுமை உடையதாக்காது என்றும், சிறிதளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என்றும் வரையறுத்தது.

இவ்வளவுகோலின்படி, கல்லின் மேற்பரப்பை அவ்வாறே தாளில் ஒற்றியெடுக்கும் மைப்படிக்குத் தனியுரிமை கோருவது எளிதன்று. நாற்கோணமாக நிற்கும் கல்லை எந்தக் கோணத்தில், எந்த ஒளியில் எடுப்பது என்று தெரிந்தெடுப்பதால் ஒளிப்படத்துக்கு உரிமை வலுவாக உள்ளது. தேய்ந்த எழுத்துகள் புலப்படச் சாய்ந்த ஒளிக்காகக் காத்திருந்து எடுக்கும் படம் இதற்குச் சான்று. எது கோடு, எது சிதைவு என்று முடிவுசெய்து வரையப்படும் கோட்டோவியத்திலும் வரைந்தவரின் தேர்வு மிகுதியாக உள்ளது. மைப்படிக்கு உரிமை ஐயத்திற்குரியது என்பதால் அதை எடுத்தவரின் பெயரை விட்டுவிடலாம் எனக் கொள்ளுதல் தவறாகும். அப்பெயர் சான்றின் வரலாற்றைச் சேர்ந்தது.

4. உரிமைக் காலம்

முன்னர் ஒளிப்படத்தின் உரிமைக்காலம் அது வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடப்பட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதற்கான 25ஆம் பிரிவை நீக்கியது. அதன்பின், தனியர் எடுத்து வெளியான ஒளிப்படத்துக்கும் ஏனைய கலைப்படைப்புகளைப் போலவே ஆக்கியோரின் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் என்ற வரையறை பொருந்துகிறது. அரசுப் படைப்புக்கு 28ஆம் பிரிவின்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். இக்கணக்கின்படி, அரசே முதல் உரிமையாளராக உள்ள 1972ஆம் ஆண்டு வெளியீட்டின் உரிமை 2032 இறுதிவரையிலும், 1975ஆம் ஆண்டு வெளியீட்டின் உரிமை 2035 இறுதிவரையிலும் நீடிக்கும். பழைய துறை வெளியீடு என்பதாலேயே அதன் படத்தொகுதி முழுவதையும் மறுபதிப்புச் செய்ய இயலாது.

5. ஆய்வுக்குச் சட்டம் தரும் இடம்

மேற்கூறிய வரையறைகள் ஆய்வை முடக்குவன அல்ல. 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாட்டிற்கும், திறனாய்வு அல்லது மதிப்புரைக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு கருதத்தக்கது. ஆய்வாளர் தம் படிப்பிற்காகப் படத்தைச் சேமித்தல் முதல்வகை. அப்படத்தை இதழில் வெளியிடும்போதும், ஆய்வேடு ‘சோத்கங்கா’ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏறும்போதும் அது தனிப்பயன்பாடு என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. அப்போது திறனாய்வு என்ற இரண்டாம் வகையே துணைநிற்கும்.

கேரள உயர் நீதிமன்றம் சிவிக் சந்திரன் – அம்மிணியம்மா வழக்கில் (1996) எடுத்தாண்ட பகுதியின் அளவும் மதிப்பும், எடுத்தாண்டதன் நோக்கம், மூலப்படைப்புடன் போட்டியிடும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் கருத்திற்கொண்டது. ஒரு நடுகல்லின் வாசிப்பை மறுக்க அக்கல்லின் படத்தைக் காட்டுவது இவ்வளவுகோலில் நிற்கும். அட்டையை அழகுபடுத்த அதே படத்தைப் பயன்படுத்துவது நிற்பது கடினம். படத்தைப் பற்றிக் கட்டுரை ஏதேனும் கூறுகிறதா என்பதே ஆய்வாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

6. இணையப் படங்களும் ஆயத்த ஓவியங்களும்

கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் நூலட்டைகளிலும் வில்லேந்திய வீரன், ஆநிரை, வாள் முதலிய கிளிப் ஆர்ட் ஓவியங்கள் பயன்படுகின்றன. கட்டணமின்றிக் கிடைப்பது வேறு, உரிமையின்றி இருப்பது வேறு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 இறுதியில் தன் கிளிப் ஆர்ட் தொகுப்பை நிறுத்தி, பயனரை இணையத் தேடலுக்கு ஆற்றுப்படுத்தியது. அதன்பின் உரிமத்தைப் படித்தறியும் பொறுப்பு பெரிதும் பயனரைச் சார்ந்தது.

விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள படங்களும் நிபந்தனையற்றவை அல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ‘பெயர் குறிப்பிடல்’ வகை, ஆக்கியோர் பெயரையும் உரிமத்தையும் மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அச்செய்தியையும் குறிக்கக் கோருகிறது. ‘அதேபோல் பகிர்தல்’ வகையில், திருத்திய படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘வழிப்படைப்பு இன்மை’ வகைப் படத்தைத் திருத்தி வெளியிட இடமில்லை. பொதுவகம் இவ்வகை உரிமத்தை ஏற்பதுமில்லை. பிறர் வரைந்த நடுகல் கோட்டோவியத்தின் வண்ணத்தை மாற்றினால் அது தமதாகிவிடும் என்ற எண்ணத்திற்கும் அடிப்படை இல்லை. படைப்பை மாற்றியமைத்துப் பயன்படுத்தும் உரிமையும் 14ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே உரியது.

7. திருத்தமும் சான்றும்

57ஆம் பிரிவு ஆக்கியோருக்கு இரு சிறப்புரிமைகளை அளிக்கிறது. ஒன்று, தாமே ஆக்கியோர் எனக் கோருதல். மற்றொன்று, தம் மதிப்புக்குக் கேடு விளைக்கும் சிதைவையும் மாற்றத்தையும் தடுத்தல். பதிப்புரிமையைப் பிறருக்கு மாற்றிக்கொடுத்த பின்னும் இவை நீங்குவதில்லை. அமர்நாத் சேகல் வழக்கில் (2005) தில்லி உயர் நீதிமன்றம், அரசு விலைகொடுத்துப் பெற்ற சுவர்ச்சிற்பத்திலும் சிற்பிக்கு இவ்வுரிமை நிலைப்பதை உறுதிசெய்தது.

ஆயினும், நடுகல் படத்தைப் பொறுத்தவரை இப்பாதுகாப்பு போதாது. ஆக்கியோரே தம் படத்தைத் திருத்தினால் சட்டத்தில் குறையேதுமில்லை. ஆய்வில் குறை உண்டு. நடுகல்லில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் காலத்தைக் கணிக்க உதவுவன. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் வடிவ நெருக்கம் உடையவை. ஒரு வளைவைக் கருமையாக்கினால் ஓர் எழுத்து மாறும். எழுத்து மாறினால் பெயர் மாறும். எழுத்துப் பள்ளங்களில் சுண்ணப்பொடி நிரப்பிப் படமெடுப்பதும் இத்தகைய திருத்தமே. அது கணினிக்குப் பதிலாகக் கல்லின்மேல் செய்யப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சிதைந்த பகுதியைத் தாமே நிரப்பித் தருகையில் வாசிப்பவரின் ஊகமும் இன்றியே எழுத்து தோன்றிவிடுகிறது.

கல்வெட்டுப் பாடத்தில் சிதைந்த எழுத்தை ஊகித்துச் சேர்ப்பவர் அதை அடைப்புக்குறிக்குள் இடுகிறார். படிக்க இயலாத இடத்தைப் புள்ளிகளால் காட்டுகிறார். ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருகிறார். அதே ஊகத்தைப் படத்தில் சேர்ப்பவர் மட்டும் எக்குறியும் இடுவதில்லை. பாடத்தில் ஊகம் ஊகமாகவே தெரிகிறது. படத்தில் அது கல்லாகவே தோற்றமளிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்கீழ் நடைபெறும் ஒப்புமைச் சோதனையும் பெரும்பாலும் எழுத்துரையையே அளவிடுகிறது. ஆகவே, படத்தில் நிகழும் மாற்றம் மதிப்பீட்டாளரின் பார்வைக்கு வராமலே போகிறது.

8. முடிவுரை

நடுகல் படங்களை எடுத்தாள்வதற்குச் சட்டம் ஆய்வாளருக்குப் போதிய இடம் தருகிறது. ஒவ்வொரு படத்திற்கும் அனுமதி பெற்றே தீரவேண்டும் என்ற அச்சம் தேவையற்றது. அவ்விடத்தைப் பயன்படுத்துவோர், கல் உள்ள இடம், படத்தின் வகை, எடுத்தவர், எடுத்த நாள், மூலம், உரிமம், செய்த திருத்தம் ஆகிய ஏழையும் படவிளக்கத்தில் தருதல் வேண்டும். படம் முழுவதற்கும் ஒருசேரச் செய்த ஒளிமாற்றத்தை ஒரு சொல்லில் குறித்தால் போதும். எழுத்தை மட்டும் மேம்படுத்திய படத்துடன் திருத்தாத படத்தையும் அருகில் தருதல் வேண்டும். விடுபட்ட பகுதியை நிரப்பிய படத்தை ‘மீட்டுருவாக்கம்’ எனக் குறிக்க வேண்டும். அதை வாசிப்புக்குச் சான்றாகக் காட்டலாகாது. இதழாசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் அடிக்குறிப்பைக் கேட்பதுபோல் இவ்விவரங்களையும் கேட்டுப் பெறுவராயின், தருமபுரி நடுகற்களின் அடுத்த வாசிப்பு நம்பத்தகுந்த படங்களின்மேல் அமையும்.