புதிய தூரிகையும் பழைய உடைமையும்

கலை வரலாற்றிலே புதியதொரு கருவி தோன்றும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவதுண்டு. ஒன்று, கலை செத்துவிட்டது என்ற ஒப்பாரி. மற்றொன்று, கலைஞனுக்கு விடிவு பிறந்துவிட்டது என்ற கட்டியம். புகைப்படக் கருவி வந்தபோதும், வண்ண அச்சு வந்தபோதும், சினிமா வந்தபோதும் இவ்விரு குரல்களும் ஒலித்தன. கணினியும் கைபேசியும் ஓவியனின் தூரிகையாகிவிட்ட இந்நாளிலும் அவையே மீண்டும் ஒலிக்கின்றன. ஒப்பாரி வைப்போரும் சரி, கட்டியம் கூறுவோரும் சரி, ஒரு கேள்வியை மட்டும் கேட்பதேயில்லை: புதிய கருவியினால் ஆக்கப்படும் பொருளும், அதனை விற்கும் சந்தையும் யாருக்குச் சொந்தம்?

ஹேவாஹெட்டையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவ மாணவியருள், கைபேசித் திரையில் விரலாலேயே படம் வரைவோர் இன்று அரியரல்லர். எண்ணெய் வர்ணமும் கன்வஸ் துணியும் வாங்க வசதியற்ற வீடுகளிலும் ஒரு கைபேசி இருக்கிறது. “இதையே தொழிலாகக் கொள்ள முடியுமா?” என்று அவர்களிற் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக உலகம் ஒரே கதையைத்தான் எடுத்துக் காட்டுகிறது. 2021ஆம் ஆண்டில் ஒரு கணினி ஓவியம் ஏறக்குறைய ஏழு கோடி டொலருக்கு விலைபோன கதை அது. அக்கதையைச் சற்று உரசிப் பார்ப்பது ஆசிரியராகிய நமது கடமையாகிறது.

அந்த ஓவியத்தின் பெயர் ‘எவ்ரிடேஸ்: முதல் ஐயாயிரம் நாட்கள்’. ஆக்கியவர், ‘பீப்பிள்’ என்ற புனைபெயரையுடைய அமெரிக்கர் மைக் விங்கிள்மான். 2007ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி தொடங்கி, நாளொன்றுக்கு ஒரு படம் என்ற விரதத்தை அவர் மேற்கொண்டார். அப்படங்களில் முதல் ஐயாயிரத்தையும் ஒன்றாக அடுக்கிய பெருஞ்சதுரமே இப்படைப்பு. 2021 மார்ச் 11ஆம் திகதி கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் அது 6 கோடி 93 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் ஒரு தமிழர். ‘மெட்டாகோவன்’ என்ற புனைபெயரில் இயங்கிய விக்னேஷ் சுந்தரேசன். காலனியாதிக்கத்திற்குட்பட்ட மக்களும் கலைப் புரவலராகலாம் என்பதை இக்கொள்வனவு காட்டுகிறது என்ற கருத்தை அவர் தரப்பினர் பின்னர் வெளியிட்டனர். தமிழர் பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி இயல்பே, ஆயினும், புரவலரின் நிறம் மாறிவிட்டால் புரவலர் முறைமை மாறிவிடுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

முதலிற் படைப்பைப் பார்ப்போம். விங்கிள்மானின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாளேனும் தவறாது வரைந்த மனவுறுதி எந்தக் கலை மாணவனுக்கும் பாடமாகும். தொடக்கத்தில் தாளில் கீறிய எளிய கோட்டுருவங்களும், பிற்காலத்தில் கணினியின் முப்பரிமாணக் காட்சிகளும் இடம்பெறும் இத்தொகுதியில், ஒரு கை தேர்ச்சி பெறும் வரலாறு புலனாகிறது. ஆனால் தேர்ச்சி வளர்ந்த அளவுக்குப் பார்வை வளர்ந்ததா? அரசியல் தலைவர்களைக் கோரமாக்கும் பிற்காலப் படங்கள் அதிர்ச்சியூட்டுகின்றன. அதிர்ச்சிக்கு அப்பால் அவை செல்வது அரிது. முற்பட்ட படங்கள் சிலவற்றில் பெண்களையும் பிற இனத்தாரையும் இழிவுபடுத்தும் மலினமான நகைச்சுவை இருந்தமையை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். ஐயாயிரத்தையும் ஒருங்கே நோக்கும்போது எந்தப் படமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்ணப் பொட்டுகளின் திரள் ஒன்றே தெரிகிறது. ஐயாயிரம் நாட்களின் உழைப்பு ஒரே சரக்காகக் கட்டப்பட்டிருக்கிறது.

அச்சரக்கின் இயல்பு என்ன? விலைபோனது படம் அன்று. படத்தை இன்றும் எவரும் இணையத்திற் காணலாம், பிரதி செய்யலாம். விலைபோனது, பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் எழுதப்பட்ட ஓர் உடைமைச் சீட்டு. அதனையே என்.எஃப்.டி. என்று அழைக்கின்றனர். ஜேர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், இயந்திரப் பிரதியாக்க யுகத்தில் கலையின் நிலையை ஆராய்ந்து 1936இல் வெளியிட்ட கட்டுரையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். ஒரே ஒரு மூலப்படைப்பைச் சூழ்ந்திருக்கும் தெய்விக ஒளிவட்டத்தைப் பிரதியாக்கம் கலைத்துவிடும், அதனால் கலை மக்களுக்கு அருகில் வரும் என்ற நம்பிக்கை அவரிடம் இருந்தது. கணினிப் படத்திற்கோ மூலமென்றும் பிரதியென்றும் வேறுபாடேயில்லை. பெஞ்சமின் கண்ட சாத்தியத்தின் உச்சம் அது. அந்த உச்சத்திலே நின்றுகொண்டு, கலைந்துபோன ஒளிவட்டத்தைச் செயற்கையாக மீண்டும் உற்பத்தி செய்ததே என்.எஃப்.டி. சந்தையின் சாதனை. பெருகக்கூடிய ஒன்றை அருமையாக்கி விலையேற்றுவது கலையின் தேவையன்று, மூலதனத்தின் தேவை.

“அதனாலென்ன, கலைஞனுக்குப் பணம் கிடைத்ததே!” என்று கேட்கலாம். கிடைத்தது உண்மை. 2020 ஒக்டோபர் வரை தம் படப்பிரதி ஒன்றையேனும் நூறு டொலருக்கு மேல் விற்றிராத ஒருவர், ஆறு மாதம் கழியுமுன் பெருஞ்செல்வரானார். ஆனால் அவர் தமக்குக் கிடைத்த ‘ஈதர்’ நாணயத்தை உடனடியாக டொலராக மாற்றிக்கொண்டார். நாம் ஒரு நீர்க்குமிழிக்குள் இருக்கக்கூடும் என்று வெளிப்படையாகவும் கூறினார். புதிய சந்தையின் நாயகனுக்கே அதன் நாணயத்தில் நம்பிக்கையில்லை! 2022இல் அக்குமிழி உடைந்தபோது, அவரைப் பார்த்துப் பின்தொடர்ந்த எண்ணற்ற இளம் ஓவியர்கள் விற்பனையாகாத சீட்டுகளுடன் நின்றனர்.

இச்சந்தை கலைஞருக்கு அளித்த வாக்குறுதிகளிற் சிறந்தது, மறுவிற்பனைப் பங்கு. விங்கிள்மானின் வேறொரு படைப்பு 2021 பெப்ரவரியில் 66 இலட்சம் டொலருக்குக் கைமாறியபோது அதில் பத்து வீதம் அவரை வந்தடைந்தது. இவ்வுரிமை புதுமையானதன்று. பிரான்ஸ் 1920ஆம் ஆண்டிலேயே இதனைச் சட்டமாக்கிற்று. பிரித்தானியா 2006இல் நடைமுறைப்படுத்தியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் இதற்கு இடந்தருகிறது. சட்டம் தந்த உரிமையைப் பறிக்கச் சட்டமே மாறவேண்டும். சந்தை தந்ததற்கோ அவ்வளவு தொல்லையில்லை. அக்காலை முதன்மை பெற்றிருந்த ஓப்பன்சீ என்ற விற்பனைத் தளம், போட்டித் தளங்களின் நெருக்குதலுக்கு ஆட்பட்டு, மறுவிற்பனைப் பங்கினைக் கொடுப்பது விற்பவரின் விருப்பம் என்று 2023 ஓகஸ்டில் அறிவித்தது. ஓர் அறிவித்தலோடு அந்தப் ‘புரட்சி’ முடிந்தது.

இந்த நியாயம் எமக்குப் புதிதா? எமது மண்ணே அதற்குச் சாட்சியாக நிற்கிறதே! ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அன்றைய இலங்கையில் அது புத்தம்புதுத் துறை. பங்களா விறாந்தையிலே மேசை போட்டுக் கொழுந்தைக் கையாற் சுருட்டித் தொழினுட்பத்தை உருவாக்கினார். ஆயினும் நிலம் அவருடையதன்று. 1892இல் அவர் பதவியிலிருந்து விலகுமாறு பணிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே ஐம்பத்தேழாவது வயதில் இறந்து, கண்டி மகியாவையில் அடக்கமானார். முன்னோடியான வெள்ளைக்காரத் துரைக்கே இக்கதியென்றால், காட்டை வெட்டிக் கன்று நட்ட எம் மூதாதையரின் பங்கு எவ்வளவாக இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? 1883 முதல் கொழும்பிலே தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. கொழுந்து கொய்தவள் அந்த ஏல மண்டபத்தில் விலை கூறியதில்லை. முன்னோடி என்ற புகழ் வேறு, உடைமை வேறு என்பதை மலையகத்தானுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஓவியத் துறையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. எமது லயன் வீடுகளின் சுவர்களில் தொங்கிய சிவகாசிக் கலண்டர்ப் படங்களை அறியாதார் யார்? அந்தப் பாணியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). நாடகத் திரைச்சீலை வரைந்தவர், வண்ண அச்சு என்ற அன்றைய புதுத்துறையில் இறங்கினார். சீடர் பலரை உருவாக்கினார். கோடிக்கணக்கானோர் அவர்கள் தீட்டிய முருகனையும் இலட்சுமியையும் வணங்கினர். ஆனால் ஒருமுறை விலைகொடுத்து வாங்கியபின் ஓவியம் அச்சகத்தின் பொருள். எத்தனை இலட்சம் பிரதி ஓடினாலும் வரைந்த கைக்கு மேலதிகமாக ஒன்றுமில்லை.

இன்று நிலைமை இன்னும் ஒருபடி கூர்மையடைந்துள்ளது. 2022 ஓகஸ்டில் வெளியான ‘ஸ்டேபிள் டிஃபியூஷன்’ போன்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள், இணையத்திலிருந்து திரட்டிய கோடானுகோடிப் படங்களிற் பயின்று, கேட்டவுடன் படம் தருகின்றன. அப்படங்களை வரைந்தோரிடம் அனுமதி கேட்கப்படவுமில்லை, அவர்களுக்குக் கூலி கொடுக்கப்படவுமில்லை. கலைஞனின் கடந்தகால உழைப்பே மூலதனமாகி, அவனுடைய நிகழ்கால உழைப்பை மலிவாக்குகிறது! சாரா ஆண்டர்சன், கெல்லி மக்கர்னன், கார்லா ஓர்ட்டிஸ் ஆகிய மூன்று ஓவியர் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் இதற்கெதிராக வழக்குத் தொடுத்தனர். அவர்களுடைய பதிப்புரிமை வாதத்தின் முக்கிய பகுதிகள் விசாரணைக்குரியன என 2024 ஓகஸ்டில் நீதிமன்றம் ஏற்றது.

அப்படியாயின் இத்தொழிலே வேண்டாமென்று மாணவரைத் தடுப்பதா? அது ஒப்பாரி வைப்போரின் கட்சி. இயந்திரத்தை உடைப்பதால் உழைப்பாளி விடுதலையடையான் என்பதை வரலாறு காட்டியுள்ளது. கருவி பொதுவுடைமையாகும்போது என்ன நிகழும் என்பதற்கும் இத்துறையிலேயே சான்றுண்டு. ‘பிளெண்டர்’ என்ற முப்பரிமாணச் சித்திர மென்பொருள் 2002இல் வணிக நிறுவனமொன்றின் வீழ்ச்சியோடு மறைந்துபோக இருந்தது. பயன்படுத்தியோர் ஒன்றுகூடி ஏழே வாரத்தில் ஒரு இலட்சம் யூரோ திரட்டி, அதனை மீட்டு, எல்லார்க்கும் இலவசமாக்கினர். அம்மென்பொருளைக் கொண்டு, லத்வியா என்ற சிறு நாட்டின் இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ என்ற சித்திரப்படம், 2025 மார்ச்சில் ஹொலிவுட்டின் பெரு நிறுவனங்களை வென்று ஒஸ்கார் விருதைப் பெற்றது. அதில் ஒரு சொல் வசனமும் இல்லை. வெள்ளத்திற் சிக்கிய ஒரு பூனையின் கதை மட்டுமே. ஏழு கோடி டொலர்க் கதையைவிட இக்கதையே எம் மாணவர் அறியவேண்டியது.

சட்டமும் மென்பொருளும் மட்டும் போதா, அமைப்பும் வேண்டும். 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 148 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்து, செயற்கை நுண்ணறிவை எழுத்தாளனாகக் கணிக்கக் கூடாது என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதுவித்தது. தனித்தனியே நின்று இவ்வெழுத்தாளர் எதைப் பெற்றிருக்க முடியும்?

எனவே தொழில் கேட்டு வரும் மாணவிக்கு நாம் கூறக்கூடியது இதுவே. நாள்தோறும் வரை, விங்கிள்மானிடமிருந்து அதை மட்டும் தயங்காது கற்றுக்கொள். சந்தை கேட்கும் வேற்றுக்கிரக வீரர்களை வயிற்றுக்காக வரைய நேரலாம், அதில் இழிவில்லை. ஆனால் அட்டை கடித்த கால்களையும், மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்கும் தாயின் முகத்தையும் உன்னைத் தவிர வேறு யார் வரையப்போகிறார்கள்? வரைந்ததை எழுத்து மூல ஒப்பந்தமின்றிக் கைவிடாதே. உன்னைப் போன்றோர் பத்துப் பேரைத் தேடிக்கொள். கூலியைப் பத்துப் பேராகப் பேசுங்கள். பாடசாலைகளில் நாம் கற்பிக்கும் சித்திரப் பாடத்திலும், தூரிகை பிடிக்கும் முறையோடு பதிப்புரிமையின் அரிச்சுவடியும் இடம்பெற வேண்டும்.

தூரிகை புதிதாகலாம். அது தானாக எவரையும் விடுவிப்பதில்லை. தேயிலையின் தொடக்க காலத்தில் எம் முன்னோர்க்குப் பேரம் பேசும் வலிமை இருந்ததில்லை. இத்துறையோ இன்னும் தன் தொடக்க காலத்திலேயே இருக்கிறது. அதன் விதிகள் இப்போதுதான் எழுதப்படுகின்றன. எழுதும் மேசையருகே இம்முறையேனும் உழைப்பவர் இருக்க வேண்டும்.