அதிகாரிக்குச் சொல்லும் கதை

அகதி அந்தஸ்து கேட்டுப் போகிறவர் முதலில் கதைசொல்லியாக வேண்டியிருக்கிறது. ஊர், தேதி, தழும்பு, தடுப்புக்காவல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இரண்டாம் விசாரணையில் ஒரு மாதம் பிசகினாலும் கேஸ் தள்ளுபடியாகலாம். ஈழத்து அகதிகளைப் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டில் வந்த நாவல்கள், படங்களில் தேறியவை பலவும் இந்த விசாரணை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தவை என்றே எனக்குப் படுகிறது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவல் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதிய அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. மனுவுக்குரிய பணிவோடு அடுக்கப்படும் துயரங்களை எவ்வளவு நம்புவது என்ற சங்கடம் வாசகருக்கும் வருகிறது. நாமும் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறோம். அகதியைப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் காட்டும் எழுத்துக்கு இந்தத் துணிச்சல் வாய்ப்பதில்லை.

அதே ஷோபாசக்தி நாயகனாக நடித்த ‘தீபன்’, 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில் ஒரு முன்னாள் போராளியும் முன்பின் அறியாத ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் குடும்பமாகப் பிரான்சுக்குள் நுழைகிறார்கள். விசாரணைக் காட்சியில் மொழிபெயர்ப்பாளர் தமிழர். அதிகாரிக்கு எதுவும் விளங்காத அந்த இடைவெளியில், எந்தக் கதை எடுபடும் என்று அவரும் நாயகனும் தமிழிலேயே பேசிக்கொள்கிறார்கள். இன்னோரிடத்தில் இருட்டுக்குள் ஒளிப்புள்ளிகள் மினுங்கி நெருங்குகின்றன. கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது, அது பாரிஸ் தெருவில் விளையாட்டு விளக்குகளைத் தலையில் மாட்டி விற்கும் தீபன். இவ்வளவு நுட்பமாகப் போன இயக்குநர் ஜாக் ஓதியார், கடைசியில் நாயகன் கையில் ஆயுதத்தைக் கொடுத்து வழக்கமான சண்டைப் படமாக்கிவிட்டார் என்பது என் மனக்குறை.

2010இல் 492 தமிழர்களோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்த ‘சன் சீ’ கப்பலின் பின்னணியில் ஷாரன் பாலா ஆங்கிலத்தில் எழுதிய ‘த போட் பீப்பிள்’ (2018), தீர்ப்புச் சொல்ல வேண்டியவரின் மனத்துக்குள்ளும் போகிறது. அவர் ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சொந்த நாடே சந்தேகித்து அடைத்துவைத்த சமூகம் அவருடையது.

தமிழ்நாட்டு சினிமாவின் கதை வேறு. ‘தெனாலி’யில் (2000) ஈழப் பேச்சு சிரிப்புக்கு. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் (2002) ராமேசுவரம் முகாம் ஒரு குழந்தை பிறக்கும் இடம், கதை அங்கே தங்குவதில்லை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் (2025) பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிப் படகில் வந்த குடும்பம் சென்னையில் தன் பேச்சை மறைத்து வாழ்கிறது. ரசித்தேன். ஆனால் அக்கம்பக்கத்தாரின் மனத்தை வெல்ல அக்குடும்பம் தங்கமான குடும்பமாக இருந்தே தீர வேண்டியிருக்கிறது. சண்டைக்காரரும் சோம்பேறியும் வந்திருந்தால் தெரு என்ன செய்திருக்கும்?

விசாரணைக்குப் பிடிகொடுக்காத படைப்பு ஓவியத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ (2011), இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேர் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தளப்படங்களின் தொகுப்பு. ஒவ்வொன்றோடும் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த வரைபடமும் சனாதனனின் ஓவியமும் உண்டு. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசு அளந்து எழுதிய காணியை இங்கே இழந்தவரே அளக்கிறார்.

தமிழ்நாட்டில் ஈழ அகதிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறின. உள்ளிருந்து எழுதியவர்களில் ‘போரின் மறுபக்கம்’ தந்த தொ. பத்தினாதன் முக்கியமானவர். சினிமா இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறது. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, குடியுரிமை இல்லாமல் பெயின்ட் வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலர் ராமநாதபுரம், திருச்சிப் பேச்சுதான் பேசுகிறார்கள். அவர்களைத் திரைக்குக் கொண்டுவர நினைக்கும் இயக்குநருக்கு ஈழத்தமிழ் உச்சரிப்புப் பயிற்சி எந்த வகையிலும் உதவாது.