பூதத்துக்குப் பெயரிடுவோர்

பொழுதுபோக்கில் கொள்கையைத் தேடுவது வீண்வேலை என்று கூறும் நண்பர்கள் இன்றும் உளர். நாவலையும் கவிதையையும் விமர்சனத்துக்கு உட்படுத்த இசைவோர், பலகை விளையாட்டு என்றதும் நகைக்கின்றனர். ஆனால் நால்வர் மூன்று மணி நேரம் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு கற்பனை உலகின் சட்டங்களுக்குத் தம்மை ஒப்படைப்பார்களாயின், அச்சட்டங்கள் எதைக் கண்டு அஞ்சச் சொல்கின்றன என்று கேட்பது விமர்சகனின் கடமையாகும்.

அச்சமூட்டும் பலகை நமக்குப் புதிதன்று. தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தில் அசுரர் பெயர் தாங்கிய பாம்புகள் வாய்பிளந்து கிடக்கின்றன, உச்சியில் வைகுண்டம். ஏற்றமும் இறக்கமும் தாயக்கட்டையின் தயவு. ஆடுபவனின் அறிவுக்கோ பிறர் துணைக்கோ அங்கு இடமில்லை. விதியை நம்பிய சமுதாயம் தன் உருவத்தையே அப்பலகையில் வரைந்துவைத்தது.

மேல்நாட்டில் இன்று பெருகியுள்ள திகில் விளையாட்டுக்களிற் சில இந்நிலையினின்றும் ஓரடி முன்னேறியுள்ளன. வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை ஆகிய ஊர்களின் ஆசிரியர் சிலர் சென்ற விடுமுறையிற் கூடி, கடல்கடந்து உழைக்கும் உறவினர் ஒருவர் கொண்டுவந்த இரு பெட்டிகளைத் திறந்தோம்.

முதலாவது, ரிச்சர்ட் லௌனியஸ் வடிவமைத்து 1987 இல் வெளிவந்த ‘ஆர்க்கம் ஹொரர்’. 1920களின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வேற்றுலக வாயில்கள் திறக்கின்றன. பூதங்கள் தெருவில் இறங்குகின்றன. ஆடுவோர் தமக்குள் போட்டியிடுவதில்லை. ஒருவர் வாயிலை மூட விரைகிறார். மற்றவர் தெருவைக் காக்கிறார். வென்றால் அனைவரும் வெல்வர். தனிமனிதப் போட்டியையே ஆட்டத்தின் உயிரென்று கருதும் உலகில் இது பாராட்டுக்குரியது.

எனினும் பூதம் எங்கிருந்து வருகிறது? இவ்வாட்டத்தின் கற்பனைக்கு மூலவர் எச். பி. லவ்கிராஃப்ட். 1927 இல் வெளிவந்த அவரது ரெட் ஹூக் கதை, நியூயோர்க்கில் குடியேறிகள் வாழும் பகுதியையே பேய்களின் உறைவிடமாகத் தீட்டுகிறது. ஆட்டம் குடியேறிகளை விட்டுவிட்டுப் பூதங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆயினும் ‘வெளியிலிருந்து வருவதே தீமை’ என்ற கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு அதன் இயக்கத்திற் பங்கில்லை.

இரண்டாவது, எரிக் ரியூஸ் வடிவமைத்து 2017 இல் வந்த ‘ஸ்பிரிட் ஐலண்ட்’. இங்கு ஆடுவோர் ஒரு தீவின் காவல் தெய்வங்கள், எதிரிகள் குடியேற்றவாதிகள். அவர்கள் நிலத்தை ஆராய்ந்து, ஊர் அமைத்து, பாழாக்கும் வரிசை அட்டைகளில் இரக்கமின்றி முன்னேறுகிறது. அச்சம் இங்கே ஒடுக்குவோனின் நெஞ்சில் விதைக்கப்படுகிறது. மூன்று ஐரோப்பிய ஆட்சிகளைக் கண்ட நம் தீவின் வாசகர் இதன் பொருளை உடனே உணர்வர்.

ஆனால் அத்தீவின் மக்களாகிய டஹான், தாமாக எதையும் தீர்மானிப்பதில்லை. தாக்கப்பட்டு எஞ்சினால் திருப்பித் தாக்குவர். மற்றபடி தெய்வங்கள் நகர்த்தும் காய்கள். விடுதலையை மக்கள் ஈட்டுவதில்லை, மேலிருந்து பெறுகிறார்கள். இவ்வளவு துணிந்த ஆட்டம் இவ்விடத்திற் பின்வாங்கிவிடுகிறது.

ஆட்டம் முடிந்தபின் கல்முனை நண்பர் எழுப்பிய வினா இதனினும் கூர்மையானது: பூதத்துக்குப் பெயரிடுவது யார்? இக்கேள்வி எம் கரையோரத்துக்கு வெறும் இலக்கியக் கேள்வியன்று. 2011 ஆகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்ற பீதி கிழக்கின் தமிழ், முஸ்லிம் ஊர்களை உறங்கவிடாது அலைக்கழித்தது. அதற்கு 21 ஆண்டுகள் முன்னர், 1990 ஆகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதோரும் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் இரு சாராருக்கும் பூதமாகக் காட்டப்பட்டவன் அயல் வீட்டானே. ஒரே வாய்க்கால் நீரில் வயல் செய்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு நடுங்கினர். அந்த நடுக்கத்தால் உழவனுக்கோ மீனவனுக்கோ எப்பயனும் விளையவில்லை.

ஆகவே, திகில் கற்பனையை அளக்க ஓர் உரைகல் உண்டு: அது அச்சத்தின் பிறப்பிடத்தைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே. நம் ஆடுபுலி ஆட்டம் இவ்வுரைகல்லில் ஓரளவு தேறும். பெருவழக்கான வடிவில் 3 புலிகள், 15 ஆடுகள். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். நெருங்கி நிற்பவற்றைத் தாண்ட அதற்கு வெற்றிடம் இராது. எத்தெய்வமும் துணைக்கு வராமலே ஆடுகள் புலியை அடைத்துவிடுகின்றன.

பெட்டிகளின் விலை ஆசிரியர் சம்பளத்திற் பெரும்பங்கை விழுங்கும். வகுப்பறைக்குக் கரிக்கோடும் புளியங்கொட்டையும் போதும். தமிழ்ப் பாடசாலை மாணவரும் முஸ்லிம் பாடசாலை மாணவரும் ஒன்றுகூடி ஒரு வதந்திப் பலகை வரையட்டும். வதந்தி வீடு வீடாகப் பரவவேண்டும். அடுத்த தெருவுக்குச் சென்று கேட்டறிந்தாலன்றி அதை நிறுத்த முடியாது என்பது விதியாகட்டும். அப்படியொரு பலகையை ஆடிப் பழகிய பிள்ளைகள், இன்னொரு ஆகஸ்டில் வதந்தி வாசலுக்கு வரும்போது, தடியைத் தேடுமுன் அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்பார்கள்.