கூரைக்கு ஒரு கெடு

மொன்றியலில் சிறிய வீடொன்றை ‘மூன்றரை’ என்பார்கள். அந்த அரை, குளியலறை. இதற்கு ஆள் தேடும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, “இதற்கு முன் எங்கே இருந்தாய்?” என்பதுதான். பதினெட்டு வயதோடு சிறுவர் பாதுகாப்பு முடிந்து வெளியே வரும் பையனிடம் இதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலை உண்டாக்கிக் கொடுப்பதற்காக எழுந்தவையே இடைக்கால வதிவிடங்கள்: ஓர் அறை, ஓர் ஆலோசகர், சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகள் வரை தவணை, கூடவே சமையல், வரவுசெலவு, வேலை தேடல் என்று வாழ்க்கைத் திறன் பயிற்சி.

இந்த நகரில் இதன் வேர் இரவு உதவியில் இருக்கிறது. 1988இல் எம்மெட் ஜோன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அறுபது வயதில், கடன் வாங்கிப் பழைய வண்டியொன்றை வாங்கித் தெருப் பிள்ளைகளுக்கு ஹொட்டோக் கொடுக்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அவர் ‘பொப்ஸ்’. அவருடைய ‘தான் லா ரூ’ அமைப்பு 1993இல் ‘பங்கர்’ என்ற தங்குமிடத்தைத் திறந்தது. 1989இல் பிறந்த ‘ரெஃப்யூஜ் தே ஜேன்’ என்ற தங்குமிடம் இளம் ஆண்களுக்கே உரியது. பாடகர் டான் பிக்ரா ஆண்டுதோறும் கச்சேரி நடத்தி அதற்குப் பணம் திரட்டினார். இரவுக்கு ஒரு கட்டில் என்று தொடங்கிய அந்த இடம், பிறகு ஆதரவோடு கூடிய வீடுகளையும் நடத்த வேண்டியதாயிற்று. கட்டில் மட்டும் போதாது என்பதை அனுபவம்தான் கற்றுக்கொடுத்திருக்கும்.

2016இல் கனடா முழுவதும் வீடற்ற இளையோர் 1,103 பேரிடம் எடுத்த கணிப்பில், 57.8 விழுக்காட்டினர் ஏதோவொரு கட்டத்தில் சிறுவர் பாதுகாப்புத் துறையின் பார்வைக்குள் வந்தவர்கள். இடம் மாறி மாறி வளர்ந்தவனுக்கு, வாடகை கட்டும் தாயையோ மின்கட்டணத்தைப் பார்த்து முணுமுணுக்கும் தகப்பனையோ அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்கே கிடைத்தது? நாம் யாரும் ‘வாழ்க்கைத் திறன்’ வகுப்புக்குப் போகவில்லை; அடுப்படியில் காலுக்குள் நின்று பழகினோம். நல்ல வதிவிடம் அந்த அடுப்படியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறது. சோறு அடிப்பிடித்தால் இன்னொரு முறை உலை வைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு மனம் கலங்கினால் கீழே விழித்திருக்கும் ஒருவரிடம் போகலாம். இதன் பெறுமதியைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை.

ஆனால் கற்றுக்கொடுப்பது வேறு, ‘கற்றால்தான் கூரை’ என்பது வேறு. கியூபெக்குக்கு நிபந்தனை வைக்கும் இந்த நோய் பழையது. 1984 முதல் 1989 வரை, முப்பது வயதுக்குக் குறைந்த தனி நபருக்கு அரசின் அடிப்படை உதவித்தொகை மிகக் குறைவு: 1987இல் மாதம் 170 டொலர், முப்பதைக் கடந்தவருக்கோ 466. கூடுதலாக வேண்டுமா, பயிற்சித் திட்டத்தில் சேர். லூயிஸ் கோஸ்லன் என்ற பெண் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2002இல் நூலிழையில், ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். பொப்ஸின் வண்டி ஓடத் தொடங்கியதும் இந்த விதி நடப்பிலிருந்த காலத்தில்தான். பட்டினி போட்டால் பையன் உழைப்பான் என்ற எண்ணம், மரியாதையான சொற்களில் இன்றும் சில விடுதி விதிகளுக்குள் குடியிருக்கிறது.

அடுத்தது கெடு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் 20 முதல் 34 வயது வரையிலானோரில் 35 விழுக்காட்டினர் பெற்றோரில் ஒருவருடனாவது வாழ்ந்தார்கள். தாய் தகப்பன் உள்ளவனுக்கு முப்பது வயதிலும் கதவு திறந்திருக்கிறது. யாருமற்றவன் மட்டும் இருபதில் ‘தன்னிறைவு’ அடைய வேண்டுமாம்! தவணை முடியும் நாளில் வாடகை அவன் சம்பளத்துக்குள் அடங்காவிட்டால், கற்ற வரவுசெலவு அந்த இல்லாமையைத் துல்லியமாகக் கணக்கிடத்தான் உதவும். நேர்முகத் தேர்வு வைத்து, திருந்தக்கூடியவனாகத் தெரிகிறவனை மட்டும் எடுக்கும் விடுதியின் வெற்றிக் கணக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை.

மாற்று வழி, ‘முதலில் வீடு’. மொன்றியல் உட்பட ஐந்து நகரங்களில் 2009 முதல் 2013 வரை வீடற்றோர் ஏறத்தாழ 2,000 பேரிடம் அதைச் சோதித்தார்கள். இறுதி ஆறு மாதங்களில், நிபந்தனையின்றி வீடு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள்; வழக்கமான உதவி பெற்றவர்களில் 31. கூரையைப் பரிசாக வைக்கத் தேவையில்லை என்பதற்கு இது போதிய சான்று. என்றாலும், அவர்கள் மனநோயோடு வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் நடுவயதினர். பத்தொன்பது வயதுப் பையனைச் சாவியோடு தனியே விட்டால், வீட்டை இழக்கும் முன் அவன் தனிமையில் தன்னையே இழக்கக்கூடும். எனவே ஆலோசகர் இருக்கட்டும், அடுப்படி இருக்கட்டும். கெடுவும் நிபந்தனையும் போகட்டும்.

நம்மவருக்கு இது புரியாத சங்கதியல்ல. 1986இல் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் தனியாக வந்த இளைஞர்கள், மூன்றரையொன்றில் ஏழெட்டுப் பேராக, முறைவைத்துச் சமைத்து வாழப் பழகினார்கள். முதல் சம்பளம் வரும்வரை பங்கு கேட்காத அண்ணன் ஒருவர் அங்கே இருப்பார். அவர் யாருக்கும் தவணை வைத்ததில்லை.

இன்று வாடகைக்கு விடுவோரிலும் நம்மவர் இருக்கிறார்கள். கியூபெக்கில் முதல் மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தராது. ஆகவே ‘யார் இவன்’ என்ற விசாரிப்பே அவர்களுடைய முக்கியக் காப்பு. அடுத்த ஜூலை முதலாம் தேதி நகரமே வீடு மாறும்போது, ‘முந்தைய முகவரி’ என்ற இடத்தில் விடுதியின் பெயரை எழுதிய விண்ணப்பம் ஒன்று வந்தால், அதை ஒதுக்கி வைக்கும் முன் அந்த ஆலோசகரை ஒருதரம் அழைத்துக் கேளுங்கள்.